நீக்கிய கோப்புகள் இருநூற்று இருபத்து நான்கு

எங்கள் கம்பெனியில் ஆட்கள் பதினேழு பேர், பிராஞ்ச் நாற்பத்து மூன்று. இதைக் கேட்கும் வெளியூர்க்காரர்கள் நாங்கள் ஊருக்கு ஊர் கடை விரித்திருப்பதாக நினைத்துக்கொள்வார்கள். கடை ஒன்றுதான். ஓசூர் சிப்காட் தொழிற்பேட்டையின் பின்வரிசையில், தகரக் கூரை போட்ட ஒரு ஷெட். முன்பக்கம் பத்துப் பேர் இரும்பு வேலை செய்கிறார்கள். கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் நான்கு பேர் புரோகிராம் எழுதுகிறார்கள். அவர்களுக்கு மேலே ஒரு ஹெட், எல்லோருக்கும் மேலே முதலாளி, எல்லோருக்கும் இடைஞ்சலாக நான். கூட்டிப் பார்த்தால் பதினேழு சரியாக வரும்.

நாங்கள் செய்வது கசிவு பார்க்கும் எந்திரம். வண்டி பிரேக்கில் போகும் ஒரு பாகத்தை அதில் வைத்து மூடினால் உள்ளே காற்று ஏறும். கொஞ்ச நேரத்தில் எவ்வளவு காற்று இறங்குகிறது என்று அளந்து, பச்சை விளக்கோ சிவப்பு விளக்கோ எரியும். எந்த விளக்கை எரிப்பது என்று முடிவு செய்வது புரோகிராம். அந்தப் புரோகிராம் எண்ணூற்று முப்பத்தாறு கோப்புகளில் இருந்தது. எழுதிய நான்கு பேருக்கும் இந்த எண் தெரியாது. நான் வந்த இரண்டாம் நாளே எண்ணிவிட்டேன்.

எனக்கு அறுபத்தெட்டு வயது. போல்ட் செய்யும் ஒரு தொழிற்சாலையில் முப்பத்து மூன்று வருஷம் தரப் பரிசோதனையில் இருந்தேன். ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்த எட்டாவது மாதம், மொட்டை மாடியில் நின்று ஜூஜுவாடிப் பக்கம் போகும் லாரிகளை எண்ணி, தமிழ்நாட்டு வண்டி எத்தனை, கர்நாடக வண்டி எத்தனை என்று நோட்டில் எழுத ஆரம்பித்தேன். நோட்டு என் மனைவி கையில் கிடைத்தது. அடுத்த வாரமே அவள் தன் தம்பியிடம் சொல்லி எனக்கு இந்த வேலையை வாங்கிக் கொடுத்துவிட்டாள். பதவியின் பெயர் டாக்குமென்ட் கன்ட்ரோலர். அங்கே யாரையும் எதையும் என்னால் கன்ட்ரோல் செய்ய முடிந்ததில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

பிராஞ்ச் எங்கள் ஹெட் கொண்டுவந்த ஏற்பாடு. அவர் பெங்களூரிலிருந்து வருபவர். அத்திப்பள்ளி நெரிசலில் மாட்டிக்கொண்டு தினமும் பத்தே முக்காலுக்கு வந்து, ‘ஸ்டாண்ட்-அப்’ என்று எல்லோரையும் வட்டமாக நிற்க வைத்துவிட்டுத் தான் மட்டும் உட்கார்ந்துகொள்வார். புரோகிராம் கோப்புகளை வைத்துக் காக்கிற ஒரு மென்பொருள் உண்டு. அதை ஒரு பெரிய பதிவேடு என்று நினைத்துக்கொண்டால் போதும். யார், எந்தக் கோப்பில், எந்த வரியை, எப்போது மாற்றினார் என்று அது தானே எழுதிக்கொள்ளும். எல்லோருக்கும் பொதுவான பதிவுக்கு மெயின் என்று பெயர். மெயினைக் கெடுக்காமல் தனியாக ஒரு மாறுதல் செய்துபார்க்க நினைத்தால், அங்கிருந்து பிரிந்து வேறொரு வழியில் எழுதிக்கொண்டு போகலாம். அந்த வழிதான் பிராஞ்ச். பிடித்திருந்தால் பிறகு மெயினோடு சேர்த்துக்கொள்ளலாம். அது வரைக்கும் நல்ல ஏற்பாடுதான். குறை சொல்வதற்கு நானும் ரொம்ப நாள் தேடினேன்.

எங்களுக்கு ஆறு வாடிக்கையாளர்கள். கோப்புகளில் நானூற்று இரண்டு எல்லோருக்கும் பொது. மிச்சம் ஒவ்வொரு வாடிக்கையாளருக்கும் தனித்தனி. குருபரப்பள்ளி ஆலைக்கு இருநூற்று இருபத்து நான்கு, ஜூஜுவாடி ஆலைக்கு அறுபத்தொன்று, மற்ற சின்ன வாடிக்கையாளர்கள் நால்வருக்கும் சேர்த்து நூற்று நாற்பத்தொன்பது. போன வருஷம் திடீரென்று இந்த ஆறு பேரும் புரோகிராமையே கொடு என்று கேட்க ஆரம்பித்தார்கள். அவர்கள் ஆலைகளில் எந்திரத்தின் முன்னால் நிற்பவர்கள் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். திரையில் இந்தி வேண்டும், எழுத்துப் பெரிதாக வேண்டும் என்று தினம் ஒரு மாறுதல். ஒவ்வொன்றுக்கும் எங்களை எதிர்பார்த்துக் காத்திருக்க முடியவில்லை.

ஹெட் யோசித்தார். ஆளுக்கொரு பிராஞ்ச் போடுவோம். அந்தப் பிராஞ்சில் மற்ற ஐந்து பேரின் கோப்புகளையும் நீக்கிவிடுவோம். மிச்சத்தை அவர்களிடம் கொடுத்துவிடுவோம். அவர்கள் செய்யும் மாறுதல் நமக்கும் பிடித்திருந்தால் மெயினில் சேர்த்துக்கொள்வோம்.

முதலாளிக்கு இது பிடித்துப்போயிற்று. “ஒரே வீடு, ஆளுக்கொரு சமையக்கட்டு” என்றார். அவர் குடும்பத்தில் அண்ணன் தம்பி நான்கு பேர் அப்படித்தான் இருந்தார்கள். அந்த வீட்டில் சுவர் எழுப்பியபோது போலீஸ் வந்தது ஊருக்கே தெரியும்.

இதில் என் வேலை எண்ணிக்கைத் தாள். குருபரப்பள்ளி ஆலையின் தர மேலாளர் ஒப்பந்தத்திலேயே அதை எழுதி வாங்கியிருந்தார். எந்த வெப்பநிலையில் எவ்வளவு காற்று இறங்கினால் பாகம் தேறும் என்ற அட்டவணை அவர்களுடைய கோப்புகளில் இருக்கிறது. அதைக் கண்டுபிடிக்க அவர்களுக்கு ஐந்து வருஷம் ஆயிற்று. ஜூஜுவாடி ஆலை செய்வதும் அதே பாகம்தான், விற்பதும் அதே ஆட்களிடம்தான். அதனால் புரோகிராமை வேறு யாருக்குக் கொடுத்தாலும், அதில் மற்றவர்களின் கோப்பு இல்லை என்று ஒருவர் எண்ணிப் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். கோப்பு நீக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் அந்தத் தாளில் ஒரு நகல் போக வேண்டும். அந்த மேலாளர் போல்ட் ஆலைக் காலத்திலிருந்தே என்னை அறிந்தவர். “நீங்க போடுறதா இருந்தா சரி சார். உங்க கையெழுத்த நம்பி அட்டவணையைக் குடுக்கறேன்” என்றார். ஒரு மனிதர் என்னிடம் சொன்ன நல்ல வார்த்தைகளில் அது மூன்றாவது. முதல் இரண்டும் இங்கே வேண்டாம்.

இந்த வருஷம் ஜூஜுவாடிக்குப் புரோகிராம் கொடுக்கும் முன் ஒரு கூட்டம் நடந்தது. அதில்தான் பேரிகைக் கிராமத்திலிருந்து வரும் அம்மா ஒரு விஷயம் சொன்னார். புரோகிராம் எழுதும் நால்வரில் மூத்தவர் அவர். நாற்பது வயது. வீட்டில் தெலுங்கு, ஷெட்டில் தமிழ், ஹெட்டிடம் மட்டும் கன்னடம். காலையில் தக்காளி வண்டியை மார்க்கெட்டுக்கு அனுப்பிவிட்டு, முப்பது கிலோமீட்டர் ஸ்கூட்டரில் வந்து, ஹெட்டுக்கு இரண்டு மணி நேரம் முன்னதாகவே உட்கார்ந்திருப்பார்.

“சார், ஃபைலை டிலீட் பண்ணா அது இன்னிக்குத் தேதிக்குத்தான் இல்லாம போகும். நேத்துத் தேதிக்குப் போய்ப் பாத்தா அப்படியே இருக்கும்” என்றார்.

“நேத்துத் தேதிக்கு யாருமா போகப்போறாங்க? எல்லாரும் நாளைக்கு டெட்லைன்னு ஓடிட்டிருக்காங்க” என்றார் ஹெட்.

“வெறும் கோப்பை மட்டும் எடுத்துத் தனியாக் குடுத்துடலாம் சார். பழைய பதிவு எதுவும் போகாது.”

“அப்ப அவங்க பண்ற சேஞ்ச நாம எப்படி மெர்ஜ் பண்றது? பிராஞ்ச் இருந்தாத்தான் மெர்ஜ். க்ளீன் பிராஞ்ச், க்ளீன் மெர்ஜ். சிம்பிள்.”

இதை நானும் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஆனால் ஹெட் எத்தனை முறை ‘க்ளீன்’ சொல்கிறார் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். பதினான்கு. அந்த அம்மா சொன்ன ஒன்றை விட்டுவிட்டுப் பதினான்கைப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த நாள் ஜூஜுவாடிப் பிராஞ்சைத் திறந்து எண்ணினேன். பொது நானூற்று இரண்டு, அவர்களுடையது அறுபத்தொன்று, ஆக நானூற்று அறுபத்து மூன்று. சந்தேகத்துக்கு இன்னும் இரண்டு முறை எண்ணினேன். ‘மற்ற வாடிக்கையாளர்களின் கோப்புகள்: இல்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அவர்களுடைய ஆள் பைக்கில் வந்து மொத்தத்தையும் ஒரு பென் டிரைவில் வாங்கிக்கொண்டு போனார். தாளின் நகல் குருபரப்பள்ளிக்குப் போயிற்று.

பத்து நாள் கழித்து ஜூஜுவாடிக்காரர்கள் இந்தித் திரையை முடித்து அனுப்பினார்கள். வெளியே கொடுத்த பிராஞ்சுகளில் மாறுதலோடு திரும்பி வந்தது அதுதான் முதல். நன்றாகவே செய்திருந்தார்கள். எங்கள் ஆட்கள் இரண்டு மாதமாகச் செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டிருந்த வேலை அது. ஹெட் மகிழ்ச்சியில், ஸ்டாண்ட்-அப் நடந்துகொண்டிருக்கும்போதே அந்தப் பிராஞ்சை மெயினோடு சேர்க்கும் பொத்தானை அழுத்தினார். மெஷின் ஏதோ கேட்டது. அவர் எல்லாவற்றுக்கும் சொல்வதுபோல அதற்கும் யெஸ் சொன்னார்.

எனக்கு ஒரு வழக்கம் உண்டு. காலையில் ஒரு முறையும் சாப்பாட்டுக்கு முன் ஒரு முறையும் மெயினில் கோப்புகள் எத்தனை என்று பார்ப்பேன். மருந்து சாப்பிடுவது மாதிரிதான், இதற்கும் காரணம் கேட்கக்கூடாது. அன்று பன்னிரண்டரைக்குப் பார்த்தபோது நானூற்று அறுபத்து மூன்று என்று காட்டியது. கண்ணாடியைத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். அதேதான். முந்நூற்று எழுபத்து மூன்று கோப்புகளைக் காணோம்.

“மெயின்ல குருபரப்பள்ளி இல்ல” என்றேன்.

“குருபரப்பள்ளி எங்க சார் போகும்? அங்கயேதான் இருக்கும், சூளகிரிக்கு அந்தப் பக்கம்” என்றான் புரோகிராம் எழுதும் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகத் திரையைப் பார்த்தார்கள். சிரிப்பு அடங்க ஏழு விநாடி ஆயிற்று.

நடந்தது இதுதான். ஜூஜுவாடிப் பிராஞ்சில் மற்ற ஐந்து பேரின் கோப்புகளையும் நாங்கள் நீக்கியிருந்தோம் அல்லவா? அந்த நீக்கமும் பதிவேட்டில் ஒரு வரி. பிராஞ்சை மெயினோடு சேர்த்தபோது இந்தித் திரை வந்தது, கூடவே அந்த நீக்கமும் வந்து, மெயினிலும் ஐந்து பேரையும் துடைத்துவிட்டது. எந்திரம் சொன்னதைச் செய்தது. அதைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஹெட்டின் முகம் வெளுத்துவிட்டது. முதலாளி உள்ளே வந்து, “பேக்கப் இருக்குல்ல? பேக்கப்?” என்று கேட்டார். பேக்கப் என்று ஒரு வார்த்தை இருப்பதே அப்போதுதான் சிலருக்கு ஞாபகம் வந்தது போலிருந்தது.

பேரிகை அம்மா டிபன் பாக்ஸை மூடி வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். ஏதோ தட்டினார். நான்கு நிமிஷம். எண்ணூற்று முப்பத்தாறும் திரும்பி வந்துவிட்டது. எல்லோரும் கை தட்டினார்கள். ஹெட் இரண்டு மடங்கு தட்டினார். முதலாளி எல்லோருக்கும் பப்ஸ் வாங்கி வரச் சொன்னார். பதினேழு பேருக்குப் பதினைந்து பப்ஸ் வந்தது. அது வேறு விஷயம்.

நான் மட்டும் பப்ஸை மேஜையிலேயே வைத்துவிட்டுப் பேரிகை அம்மாவிடம் போனேன்.

“ஏம்மா, அது எங்கிருந்து வந்துச்சு?” என்று கேட்டேன்.

“எது சார்?”

“அந்த முந்நூத்து எழுபத்து மூணும். பேக்கப்பிலிருந்தா?”

“இல்ல சார். பதிவுலயே இருக்குமே. நீக்கினதும் பதிவுதான், நீக்கறதுக்கு முன்னால இருந்ததும் பதிவுதான். முந்தின வரிக்குப் போய் எடுத்துக்கிட்டேன்.”

“ஜூஜுவாடிக்குக் குடுத்த பென் டிரைவ்ல இந்தப் பதிவு இருக்கா?”

அவர் என்னைப் பார்த்தார். பார்வையில் ஏளனம் இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

“அன்னிக்கு மீட்டிங்ல சொன்னேனே சார்.”

“அவங்களுக்கு இத எடுக்க எவ்வளவு நேரமாகும்?”

“தெரிஞ்சவங்களா இருந்தா நாலு நிமிஷம். தெரியாதவங்கன்னா அஞ்சு நிமிஷம் நெட்ல தேடுவாங்க. ஒம்பதுன்னு வச்சுக்கங்க.”

நான் என் மேஜைக்கு வந்து உட்கார்ந்தேன். போல்ட் ஆலையில் பரிசோதனைப் பதிவில் ஒயிட்னர் வைத்து அழித்த ஒருவரை நான் ஷிப்ட் முழுக்கத் திட்டியிருக்கிறேன். தவறாக எழுதியதை அழிக்கக் கூடாது. அதன் மேல் ஒரே ஒரு கோடு. அடியில் இருப்பது படிக்கிற மாதிரி இருக்க வேண்டும். பக்கத்தில் சரியானதை எழுதிச் சுருக்கொப்பம் போட வேண்டும். முப்பத்து மூன்று வருஷம் இந்த விதியை ஊருக்கெல்லாம் ஓதியவன் நான். அதே விதியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடிக்கிற ஒரு மெஷினைத் தினம் இரண்டு வேளை திறந்து பார்த்துவிட்டு, அது ஒயிட்னர் போடும் என்று நம்பியிருக்கிறேன். ஹெட்டுக்குத் தெரியாமல் போனதில் ஆச்சரியமில்லை, அவர் பேனா பிடித்தே பல வருஷம் இருக்கும். எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

தாளை எடுத்தேன். ‘இல்லை’ என்பதன் மேல் ஒரு கோடு போட்டேன். பக்கத்தில், ‘பழைய பதிவில் உண்டு. குருபரப்பள்ளியின் கோப்புகள் 224’ என்று எழுதிச் சுருக்கொப்பமும் தேதியும் போட்டேன். அதை எடுத்த இடத்தில், அதே மாதிரி ‘இல்லை’ என்று நான் கையெழுத்துப் போட்ட தாள்கள் இன்னும் பத்து இருந்தன. அவற்றை அப்போது எண்ணியதோடு விட்டேன்.

திருத்திய தாளைக் கொண்டுபோய்க் காட்டியதும் முதலாளி அறையில் கதவைச் சாத்தினார்கள். அவர் என்னைச் சாதாரணமாக ‘சார்’ என்பார். கோபம் வந்தால் ‘பெரியவரே’. அன்று ஆரம்பமே பெரியவர்தான்.

“பெரியவரே, எழுதாத வரைக்கும் ஒண்ணும் நடக்கல. புரியுதா? அவன் பாத்தான்னு யாரு சொன்னா? பென் டிரைவ் அவன் டிராயர்ல கெடக்கும்.”

“பாத்தானா இல்லையாங்கறது என் தாள்ல இல்லைங்க. இருக்கா இல்லையாங்கறதுதான் இருக்கு. இல்லைன்னு எழுதியிருக்கேன். இருக்கு.”

ஹெட் குறுக்கிட்டார். “டெக்னிக்கலி பாத்தா பழைய தாளும் கரெக்ட். பிராஞ்ச் நுனியில, அதாவது இன்னிக்குத் தேதிக்கு, ஃபைல் இல்லையே? இல்லைன்னுதான் அர்த்தம்.”

“உங்க பாக்கெட்ல பணம் இல்ல, பேன்ட்ட நேத்துதான் மாத்தினேன்னு சொல்ற மாதிரி இருக்கு” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எனக்கும் அது சரியாக வரவில்லை. கோபத்தில் உவமை எனக்கு எப்போதும் வராது.

முதலாளி புதுத் தாள் ஒன்றை என் பக்கம் நகர்த்தினார். “இதுல சுத்தமா எழுதுங்க. பழைய மாதிரியே. அந்தக் கோடு போட்டதக் கிழிச்சிடுங்க. குருபரப்பள்ளிக்காரன் போனா ஷெட்டுல பாதிப் பேருக்கு வேல இல்ல. உங்க ஒரு கையெழுத்துக்காக எட்டுப் பேர வீட்டுக்கு அனுப்பட்டுமா பெரியவரே?”

அதைக் கேட்டபோது எனக்குச் சுருக்கென்றது. பாதி என்றால் எட்டரை. அரையாக இருக்கப்போவது நான்தான் என்று தோன்றியது. ஆனால் அந்த அட்டவணையை ஒரு மனிதர் என் கையெழுத்தை நம்பிக் கொடுத்திருந்தார், ஷெட்டை நம்பி அல்ல. கோடு போட்ட தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். யோசிக்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன்.

மறுநாள் சனிக்கிழமை. ஷெட்டுக்குப் போகாமல், தாளோடு ஒரு நகலும் எடுத்துக்கொண்டு கிருஷ்ணகிரி பஸ் ஏறினேன். குருபரப்பள்ளி போகும்வரை ஜன்னல் வழியே எதையும் எண்ணவில்லை. என் மனைவியிடம் இதைச் சொன்னால் நம்பமாட்டாள்.

தர மேலாளர் என்னை மாடியில் தன் அறையில் உட்கார வைத்துக் காபி வரவழைத்தார். நான் தாளை விரித்து, நடந்ததை வரிசையாகச் சொன்னேன். பென் டிரைவ், நீக்கம், பதிவு, நான்கு நிமிஷம். அவர் எழுந்து கத்துவார், மேஜையைத் தட்டுவார், ஐந்து வருஷ உழைப்பு என்பார் என்று எதிர்பார்த்துப் போயிருந்தேன். வழியெல்லாம் அதற்கான பதிலைத்தான் தயாரித்துக்கொண்டிருந்தேன்.

அவர் காபியை ஊதிக் குடித்தார்.

“சரி விடுங்க சார். அவன் பாத்து என்ன பண்ணிடப்போறான்? அவன் அட்டவணையில முப்பத்தஞ்சு டிகிரிக்கு மேல வரியே கெடையாது. சித்திரை வெயில்ல எப்படித்தான் ஓட்டறானோ!”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

“அவங்க அட்டவணை உங்களுக்கு எப்படித் தெரியும்?” என்று கேட்டேன்.

மேலாளர் மின்விசிறியைப் பார்த்தார். விசிறியின் இறக்கைகள் மூன்று. அவரும் எண்ணிக்கொண்டிருந்தார் என்று நினைக்கிறேன்.

போன வருஷம் குருபரப்பள்ளிக்கும் ஒரு பிராஞ்ச் கொடுத்திருந்தோம். ஜூஜுவாடியின் அறுபத்தொன்றையும் நீக்கித்தான் கொடுத்தோம். அதற்கும் ‘இல்லை’ என்று எழுதியவன் நான்தான்.

“சார், நீங்களும் நானும் இந்தத் தொழில்ல எத்தன வருஷமா இருக்கோம்” என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார். “இந்தப் பேப்பர் என் கைக்கு வந்தா நான் கம்ப்ளெய்ன்ட் எழுதணும். எழுதினா உங்க ஆளுங்க வந்து எங்க காப்பியத் திருப்பிக் கேப்பாங்க. எதுக்கு? அவனும் வச்சுக்கட்டும், நாங்களும் வச்சுக்கறோம். உங்க பழைய தாள் எனக்குப் போதும்.”

“அது பொய்த் தாள்.”

“எனக்குப் போதும்னு சொல்றேன்ல.”

“எனக்குப் போதாது. இதுல பெற்றுக்கொண்டேன்னு ஒரு சீல் வச்சுக் குடுங்க. நான் போயிடறேன்.”

“நான் வைக்கமாட்டேன் சார். நீங்க வந்ததாவே நான் வச்சுக்கல. காபி குடிங்க.”

நான் காபியை முழுதாகக் குடித்துவிட்டுத்தான் எழுந்தேன். என் கையெழுத்தை நம்பியவருக்கு இப்போது அது பொய்யாக இருப்பதுதான் வசதி. பன்னிரண்டு வருஷமாக எனக்குத் தெரிந்த மனிதர். கீழே இறங்கும்போது படிக்கட்டு இருபத்திரண்டு என்பதைக் கால்தான் எண்ணியது.

வாயிலில் செக்யூரிட்டி உட்கார்ந்திருந்தார். மீசை வைத்த திருநெல்வேலிப் பக்கத்து ஆள். அவர் முன்னால் தபால் வரவுப் பதிவேடு திறந்திருந்தது. வரிசை எண், தேதி, யாரிடமிருந்து, விஷயம், பெற்றவர். அதைப் பார்த்ததும் என் கால் நின்றுவிட்டது.

“தம்பி, கம்பெனிக்கு ஒரு கடிதம் குடுக்கணும். இங்க வாங்குவீங்களா?”

“வாங்காம பெறவு எதுக்கு உக்காந்திருக்கேன் அண்ணாச்சி. குடுங்க.” அவர் பேனாவைத் திறந்தார். “விஷயம் என்னன்னு போடட்டும்?”

“உங்க இருநூத்து இருபத்து நாலு கோப்பு ஜூஜுவாடிக்குப் போனது பத்தின்னு போடுங்க.”

அவர் நிறுத்தி நிறுத்தி, குண்டு எழுத்தில் எழுதினார். எண்ணை மட்டும் எழுத்தால் போடச் சொன்னேன். கூடவே இன்னொன்றும் சொன்னேன், ஜூஜுவாடியின் அறுபத்தொன்று இங்கே இருப்பது பற்றியும் என்று. “இதுவும் அதே கடிதத்துலயா அண்ணாச்சி?” என்று கேட்டார். ஆமாம் என்று சொல்லி, அங்கேயே நின்று தாளின் அடியிலும் நகலிலும் அந்த வரியையும் சேர்த்துச் சுருக்கொப்பமிட்டேன். அவர் தாளை வாங்கிக்கொண்டு, நான் வைத்திருந்த நகலில் சீலைக் குத்தினார். சீல் கொஞ்சம் சாய்ந்திருந்தது. மற்றபடி நன்றாக விழுந்திருந்தது.

நான் கேட்டைத் தாண்டுவதற்குள் அவருடைய மேஜையில் போன் அடித்தது. மாடி ஜன்னலில் மேலாளர் நின்றுகொண்டிருந்தார்.

“ஆமா சார், வாங்கிட்டேன்... எழுதிட்டேனே சார்... இல்ல சார், அது முடியாது, பக்கத்துக்குப் பக்கம் நம்பர் அடிச்சிருக்கு. கிழிச்சா ஆடிட்டுல என்னையத்தான் கேப்பாக... ஒயிட்னரா? அதெல்லாம் இங்க கெடையாது சார்.”

அந்த மனிதரின் கையைப் பிடித்துக் குலுக்க வேண்டும்போல இருந்தது. ஆனால் பஸ் வந்துகொண்டிருந்தது. அதற்கு முன் இரண்டு பஸ்ஸை ஏற்கெனவே விட்டிருந்தேன்.

சூளகிரி தாண்டும்போது முதலாளி கூப்பிட்டார்.

“எங்க இருக்கீங்க பெரியவரே?”

“பஸ்ல.”

“குருபரப்பள்ளியிலிருந்து போன் வந்துச்சு. கம்ப்ளெய்ன்ட் எழுதியே ஆகணுமாம், ரிஜிஸ்டர்ல ஏறிடுச்சாம். என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீங்க? நாளைக்கு நீங்க வர வேணாம்.”

“நாளைக்கு ஞாயித்துக்கெழமைங்க.”

“திங்கக்கெழமையும் வர வேணாம்!”

“திங்கக்கெழமை வந்துதாங்க ஆகணும். மொத்தம் பதினோரு தாள். ஒண்ணுதான் திருத்தியிருக்கேன். மிச்சம் பத்து உள்ள இருக்கு.”

“பத்தா?” அவர் குரல் கொஞ்சம் இறங்கியது. “பத்தும் குருபரப்பள்ளிக்கா?”

“இல்லைங்க. மத்த அஞ்சு பேருக்கும் சேத்து. யார் யாருது யாருகிட்ட இருக்குன்னு தனித்தனியா எழுதணும். பழைய தாள் எல்லாத்துக்கும் என்கிட்ட வீட்டுல நகல் இருக்கு, இருந்தாலும் அசல்ல திருத்தறதுதான் முறை.”

போனில் பின்னால் ஹெட் ஏதோ சொல்ல வருவதும், முதலாளி “நீ சும்மா இருய்யா” என்பதும் கேட்டன. பிறகு முதலாளி பேரிகை அம்மாவைக் கூப்பிட்டார். பொதுக் கோப்புகள் தனி, ஒவ்வொருத்தருக்கும் தனித்தனிப் பதிவேடு, பழைய பதிவு எதுவும் இல்லாமல், எத்தனை நாள் ஆகும் என்று கேட்டார். “ரெண்டு வாரம் சார், மொதல்லயே சொன்னதுதான்” என்று அந்த அம்மா சொன்னது எனக்கும் தெளிவாகக் கேட்டது.

“சார்” என்றார் முதலாளி, போனுக்குத் திரும்பி. அன்று முதல் முறையாக.

“சொல்லுங்க.”

“திங்கக்கெழமை வாங்க. வர்ற வழியில எந்தக் கேட்டுலயும் நிக்காம நேரா வாங்க.”